வெள்ளத்தில் நனைந்த டிரம்ஸும் எங்கள் பள்ளிக் குழுவும்

பழைய இசைக்கருவிகளைச் சீர்செய்த அனுபவங்களை உறுப்பினர்கள் எழுதி வருவதைச் சில வாரங்களாகப் படித்து வருகிறேன். ஆர்மோனியத்தைப் பற்றியும் வீணையைப் பற்றியும் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். டிரம்ஸைப் பற்றி எவரும் எழுதவில்லை என்பதால், வியாசர்பாடியில் நான் ஆசிரியராகப் பணியாற்றும் பள்ளியில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். இதே வேலையில் இறங்கும் ஒருவருக்காவது நாங்கள் செய்யவிருந்த தவறுகள் நேராமல் இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

பெரம்பூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர், ஒரு காலத்தில் ரயில்வே இன்ஸ்டிட்யூட் நடனங்களுக்கும் பிறகு மெல்லிசைக் கச்சேரிகளுக்கும் வாசித்த தம்முடைய டிரம்ஸை எங்கள் பள்ளிக்குக் கொடுத்திருந்தார். மாணவர்கள் அவரை 'அங்கிள்' என்றே அழைப்பார்கள். நானும் அப்படியே அழைக்கப் பழகிவிட்டேன். வாசிக்கக் கற்றுத்தர ஆள் இல்லாததால் அந்த டிரம்ஸ் பொருளறையில் துணி மூடிக் கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது அந்த அறைக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. நீர் வடிந்த பிறகு துணியை விலக்கிப் பார்த்தபோது, தரையில் இருந்த, பெடலைக் காலால் மிதித்து அடிக்கும் 20 அங்குல பேஸ் டிரம்மின் அடிப்பாகத்தில் நான்கு விரற்கடை உயரத்துக்குச் சேற்றுக்கறை படிந்திருந்தது. உள்ளே ஒட்டுப்பலகையின் அடுக்குகள் புத்தகத் தாள்களைப் போல விரிந்திருந்தன. குச்சியால் அடிக்கும் டிரம்களான 12 அங்குல டாம், 16 அங்குல டாம், 14 அங்குல ஸ்நேர் ஆகிய மூன்றும் உயரத்தில் இருந்ததால் ஈரம் மட்டுமே ஏறியிருந்தது. ஒவ்வொரு டிரம்மின் மரக்கூட்டிலும் 'பிரீமியர்' என்ற சின்னம் பதிந்திருந்தது. அது 1922-இல் லண்டனில் தொடங்கப்பட்ட நிறுவனம். துறைமுகத்துக்குக் கப்பலில் வந்த ஒருவரிடமிருந்து வாங்கியதாக அங்கிள் சொன்னார்.

பேஸ் டிரம்மை உலர்த்துவதற்கே ஆறு வாரம் ஆயிற்று. வெயிலில் வைத்தால் பலகை முறுக்கிக்கொள்ளும் என்பதால், வகுப்பறையின் நடுவே இரண்டு மேசைகளின் மேல் வைத்து மின்விசிறிக் காற்றில் மட்டுமே உலர விட்டோம். பிறகு மருந்துக்கடையில் வாங்கிய ஊசிக்குழலில் மரப்பசையை நிரப்பி, விரிந்த அடுக்குகளுக்கு இடையே ஒவ்வொரு சொட்டாகச் செலுத்தினோம். வட்டமான கூட்டைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பு எங்களிடம் இல்லை. மாணவன் ஒருவன் தன் அப்பாவின் சைக்கிள் கடையிலிருந்து பழைய டியூப்களை நீளமாக அறுத்துக்கொண்டு வந்தான். அவற்றை இழுத்து இழுத்துக் கூட்டைச் சுற்றிக் கட்டினோம். பசை பிதுங்கிய இடங்களை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே வந்தோம். இரண்டு நாள் கழித்து அவிழ்த்தபோது, விரல் நகத்தை நுழைக்கவும் இடமில்லாமல் அடுக்குகள் ஒட்டியிருந்தன.

அடுத்து வந்த சிக்கல் எங்களை உண்மையாகவே குழப்பியது. டிரம்மின் வாயில் தோலுக்குப் பதிலாகப் போர்த்த, கடையிலிருந்து வாங்கி வந்த 12 அங்குல பிளாஸ்டிக் ஸ்கின், டாமின் விளிம்பில் இறங்காமல் பாதியிலேயே நின்றுவிட்டது. ஈரத்தில் மரம் உப்பியிருக்கும் என்று எண்ணி, வெளிப்பக்கத்தைச் சற்றுச் சீவிவிடலாம் என்றார் எங்களுக்கு உதவிய தச்சர். சீவுவதற்கு முன் நான்கு திசைகளில் குறுக்களவு எடுத்துப் பார்த்தோம். நான்கும் ஒன்றாகவே இருந்தன. ஈரத்தால் உப்பிய மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் உப்பாது, எங்காவது கோணிக்கொள்ளும் என்று தச்சரே சொல்லி உளியைக் கீழே வைத்தார். விசாரித்தபோதுதான் விளங்கியது: 1960-களின் பிற்பகுதி வரை இந்த நிறுவனம் தன் டாம்களை இன்று உலகெங்கும் வழங்கும் அளவைவிடச் சற்றுப் பெரிதாகவே செய்துவந்திருக்கிறது. அன்று சீவியிருந்தால், குறையே இல்லாத ஒரு கூட்டை எங்கள் கையாலேயே கெடுத்திருப்போம்.

இத்தகைய பழைய அளவுக்குப் பொருந்தும் ஸ்கின்னை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க முடியும் என்றாலும், கிழிந்தால் உடனே மாற்ற வேண்டிய பொருளுக்குப் பள்ளியால் அவ்வளவு செலவு செய்ய இயலாது. அப்போது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். பிளாஸ்டிக் ஸ்கின் பரவலாக வந்ததே 1950-களின் பிற்பகுதியில். அதற்கு முன் இந்த டிரம்களுக்கெல்லாம் கன்றுத்தோல்தான் போர்த்தினார்கள். தோல் போர்த்தத் தெரிந்தவர்களுக்கு வடசென்னையில் பஞ்சமில்லை. புளியந்தோப்பில் பறையும் மிருதங்கமும் செய்துதரும் ஒருவரிடம் டாமை எடுத்துச் சென்றேன்.

அவர் கூட்டைத் தட்டிப் பார்த்தார், விளிம்பைத் தடவினார், பழைய வளையத்தைக் கேட்டு வாங்கினார். "வெளிநாட்டு மேளம்னா என்ன வாத்தியாரே, தோலு தோலுதான். ஊற வெச்சுக் கட்டணும், நெழல்ல காய வெக்கணும்" என்றார். ஊறிய தோலை மேசைமேல் விரித்து, அதன் நடுவே வளையத்தை வைத்து, ஓரத்தை உள்பக்கமாக மடித்து, ஒரு கரண்டிக் காம்பின் வழவழப்பான முனையால் வளையத்துக்கு அடியில் சுற்றிலும் செருகிக்கொண்டே வந்தார். அதை ஈரத்தோடு டிரம்மில் பொருத்தி, மேல்வளையத்தை விரலால் இறுகும் அளவுக்கு மட்டும் இறுக்கச் சொன்னார். ஈரத்தில் முழுவதும் இறுக்கினால் காயும்போது தோல் தானாகவே இழுத்துக்கொண்டு கிழியும். இறுக்காமலே விட்டால் பின்னால் இறுக்குவதற்குத் தோலில் இடமிருக்காது. அந்த நடு அளவு அவருடைய பெருவிரலுக்குத் தெரிந்திருந்தது. என் பெருவிரலுக்கு இன்னும் முழுவதும் பிடிபடவில்லை.

விளிம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டிரம்மின் ஒலி பிறப்பது தோலும் கூடும் தொடும் அந்த மெல்லிய கோட்டில்தான். படங்களுக்குச் சட்டம் போடும் கடையிலிருந்து தடித்த கண்ணாடி ஒன்றை இரவல் வாங்கி, மாலையில் வகுப்பறைச் சன்னல்களை அடைத்து இருட்டாக்கி, கண்ணாடிமேல் கூட்டைக் கவிழ்த்து உள்ளே டார்ச் விளக்கை எரியவிட்டோம். விளிம்பு சமமாக இருந்தால் வெளிச்சம் கசியாது. 16 அங்குல டாமில் ஓரிடத்தில் அட்டை தடிமனுக்கு ஒளிக்கீற்று தெரிந்தது. கண்ணாடிமேல் உப்புத்தாளை ஒட்டி, கூட்டை அதன்மேல் மெல்லச் சுழற்றித் தேய்த்துத் தேய்த்து, ஒவ்வொரு முறையும் விளக்கை வைத்துப் பார்த்து அதைச் சரிசெய்தோம்.

ஸ்நேரின் அடிவிளிம்பை வைத்தபோது நேரெதிரான இரண்டு இடங்களில் வெளிச்சம் அகலமாகக் கசிந்தது. இவ்வளவு பெரிய குறையா என்று நாங்கள் கூட்டை உப்புத்தாளின்மேல் வைக்கப் போனோம். நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த அங்கிள் சட்டென்று எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், அதத் தேய்ச்சிடாதீங்க. அது பள்ளம் இல்ல, கம்பி உக்கார்ற எடம்" என்றார். ஸ்நேர் டிரம்மின் அடித்தோலின் குறுக்கே, பெரும்பாலும் இருபது இழைகளாக, சுருள்கம்பிகள் ஓடுகின்றன; அவை தோலோடு படிந்து அதிர்வதால்தான் அந்த 'சர்ர்' என்னும் ஒலி வருகிறது. கம்பிகளின் இரு முனைகளும் விளிம்பைத் தாண்டும் இடத்தில் மரத்தைச் சற்றே தாழ்த்தி வைத்தால்தான் அவை தோலைவிட்டு எழும்பாமல் படிந்து கிடக்கும். அந்தத் தாழ்வைச் செய்தவர் அளந்து செதுக்கி வைத்ததை நாங்கள் பழுது என்று நினைத்திருந்தோம். அன்று அங்கிளுக்கு உடம்பு சரியில்லாமல் வீட்டிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பல இரவுகள் நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

உலோகப் பாகங்களில் அதிக நேரம் செலவிடவில்லை. உப்புக்காற்றில் புள்ளி புள்ளியாகத் துருவேறிய வளையங்களை, நீரில் நனைத்த அலுமினியத் தாளால் தேய்த்தாலே பெரும்பகுதி போய்விட்டது. தோலை இறுக்கும் நீண்ட திருகுகளான டென்ஷன் ராடுகளில் தொலைந்துபோன இரண்டுக்கு மட்டும் செம்பியத்தில் ஒரு லேத்து பட்டறையை நாடினோம். கடையில் கிடைக்கும் மில்லிமீட்டர் மரை போல்ட்டை அதில் வலிந்து ஏற்றினால், ராடு திருகி ஏறும், கூட்டின் பக்கத்தில் பொருத்தியிருக்கும் லக்கின் உள்மரை அழிந்துவிடும்; அங்குலக் கணக்கில் மரை வெட்டியே ஆக வேண்டும். அறுந்துபோன பெடல் வாருக்குப் பெரியமேட்டில் வாங்கிய தோல் துண்டு பொருத்தமாக அமைந்தது.

புது முலாம் பூசி, வெளியே ஒட்டியிருக்கும் முத்து நிற உறையைக் கிழித்துவிட்டுப் பளபளக்கும் புது உறை ஒட்டித் தருவதாக ஒருவர் முன்வந்தார். நல்ல மனத்தோடு சொன்னதுதான், ஆனாலும் நான் மறுத்துவிட்டேன். மஞ்சளித்துப்போன அந்த உறையில் அங்கிளின் குச்சி பட்ட தழும்புகள் இருக்கின்றன. ஒலிக்கு உதவாத எதையும் மாற்றுவதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்திருந்தோம். சேர்ப்பில் தூக்கிக்கொண்டிருந்த ஓரத்தை மட்டும், வெப்பம் காட்டாமல், பசை வைத்து ஒட்டினோம். இத்தகைய உறைகளில் உள்ள பழைய செல்லுலாயிடு எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். சூடு காட்டி வளைக்க எவரும் முயல வேண்டாம்.

இதனாலேயே ஒரு வேடிக்கையான வழக்கம் எங்களுக்கு வந்து சேர்ந்தது. மழைக்காலக் காலைகளில் டாம்களின் தோல் தொய்ந்துவிடுகிறது. பறை வாசிக்கும் வீட்டுப் பிள்ளைகள் இருவர் எங்கள் குழுவில் இருக்கிறார்கள். தொய்ந்த தோலைப் பார்த்த உடனே அவர்களுக்கு வைக்கோல் தீ மூட்டிக் காய்ச்சத்தான் தோன்றியது. செல்லுலாயிடு உறையின் அருகே தீயே கூடாது என்று விளக்கிச் சொன்னேன். இப்போது ஒத்திகை நாள்களில் அந்த இருவரும் முதல் மணி அடிப்பதற்கு முன்பே வந்து, இரண்டு டாம்களையும் மாடித் தாழ்வாரத்தில் இளவெயில் விழும் இடத்துக்குத் தூக்கிச் செல்கிறார்கள். உறையை நிழல் பக்கமும் தோலை வெயில் பக்கமும் திருப்பி வைத்துவிட்டு, எதிரெதிர் லக்குகளுக்கு அருகே விரலால் தட்டி, இரண்டும் ஒரே சுருதியில் பேசும்வரை ராடுகளைத் திருகும் சாவியைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருகுகிறார்கள். சென்ற வாரம் அங்கிள் வந்திருந்தபோது அவர்கள் சாவியை அவரிடம் நீட்டினார்கள். அவர் இரண்டு டாம்களையும் ஒருமுறை தட்டிக் கேட்டுவிட்டு, சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.