மரமஞ்சள் கொடி காய்ப்பதை நிறுத்திவிட்டது, விற்றுவிடலாமா?

கேள்வி: குமரிக்காரன்
பேச்சிப்பாறைப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்து ஓரத்தில், அயனி மரத்தில் ஒரு மரமஞ்சள் கொடி ஏறிக் கிடக்கிறது. அடித்தண்டு என் முழங்கைக் கனம். பால் வெட்ட வருபவர் கத்தியால் லேசாகச் சீவிக் காட்டினார். உள்ளே அரைத்த மஞ்சளேதான். நக்கிப் பார்த்தேன், வேப்பிலை தோற்றது. அப்பா இருந்தவரை காய்த்ததாக அம்மா சொல்கிறார். இப்போது நாலைந்து வருடமாக வெறும் பூதான். ஒருவர் தண்டை எடைக்குக் கேட்டு நடையாய் நடக்கிறார். காய்க்காத கொடியை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்கிறார்.

பதில்: மருந்துக்கடை
நல்ல தண்டு என்றால் விலை உண்டு. மரமஞ்சள் என்ற பெயரில் இமயமலை முள்செடிக் கட்டையும் வருகிறது, இரண்டிலும் இருப்பது பெர்பெரின் என்ற மஞ்சள் நிறக் கசப்புச் சத்துதான். ஆனாலும் கேட்பவர்கள் நம் மலைக் கொடியைத்தான் கேட்கிறார்கள்.

பதில்: நாற்றங்கால்
தம்பி, வெட்டிவிடாதீர்கள். தென்னிந்தியக் காடுகளில் அற்றுப்போகும் நிலைக்கு வந்துவிட்ட கொடி அது. காட்டில் எடுத்ததை ஏற்றுமதி செய்ய 1998லேயே தடை வந்தது. உள்ளூர் அரிவாளுக்கு அது தெரியாது.

மரமஞ்சளில் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. முன்பு காய்த்தது என்றால் உங்களுடையது பெண். அக்கம்பக்கத்தில் இருந்த ஆண் போயிருக்கும். சந்தேகமிருந்தால் ஒரு பூவை லென்ஸில் பாருங்கள், மகரந்தத் தூள் இருக்காது.

விதை போட்டு வளர்ப்பதும் லேசில்லை. நான் நாற்பது விதை போட்டு ஆறு மாதம் தண்ணீர் ஊற்றினேன். காலித் தொட்டி என்று நினைத்து வீட்டில் கொத்தமல்லி தூவிவிட்டார்கள். கொத்தமல்லிக்கு நடுவே மூன்று முளை வந்தது! அவை பூக்க ஏறக்குறைய 15 வருடமாகும். அதுவரை எது ஆண், எது பெண் என்று பார்த்துச் சொல்ல முடியாது.

பதில்: குமரிக்காரன்
பார்த்துவிட்டேன் அண்ணாச்சி, தூள் இல்லை. எடைக்குக் கேட்டவரிடமே விசாரித்தேன். ஓடைக்கு அந்தப் பக்கத் தோட்டத்தில் ஒரு கொடி இருந்ததாம். ஐந்து வருடத்துக்கு முன் அவர்தான் விலைக்கு வாங்கி வெட்டியிருக்கிறார். "அது ஒருநாளும் காய்த்ததில்லை, அதனால்தான் கொடுத்தார்கள்" என்கிறார்.

பதில்: நாற்றங்கால்
அடிக்கட்டை மிச்சமிருக்கிறதா, துளிர் ஏதாவது தெரிகிறதா என்று நாளைக்கே போய்ப் பாருங்கள். அவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம்.