மின்தடைக்குப் பின் இயங்காத வலையமைப்புச் சேமிப்பகம்: கூத்துப் பதிவுகளை மீட்பது எப்படி?

வாவிக்கரை (கல்லடி):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இரண்டு வன்தட்டுகள் பூட்டிய வலையமைப்புச் சேமிப்பகம் (நாஸ்) ஒன்று பல ஆண்டுகளாக இயங்கி வந்தது. ஒவ்வொரு தட்டும் 4 டெராபைட் கொள்ளளவுடையது. ஒன்றில் எழுதப்படுவது மற்றதிலும் அப்படியே எழுதப்படும் ரெயிட் 1 முறையில் அமைத்திருந்தோம். அதில் இருப்பவை பெரும்பாலும் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை ஊர்களில் விடிய விடிய இருந்து எடுத்த வடமோடி, தென்மோடிக் கூத்துப் பதிவுகள். மத்தளம் அடித்துப் பாடிய அண்ணாவிமாரில் (கூத்து ஆசான்களில்) சிலர் இன்று உயிரோடு இல்லை. மூலப் பதிவுகள் இருந்த மினி டிவி நாடாக்களிலும் பூஞ்சணம் பிடித்துவிட்டது.

சென்ற வாரம் பின்னேரம் இடி மின்னலோடு மழை பெய்தபோது மின்சாரம் போய்ப் போய் வந்தது. அதன் பிறகு பெட்டியை இயக்கினால் முன்பக்க விளக்கு செம்மஞ்சளாக மின்னுகிறது. சிறிது நேரத்தில் தானாகவே அணைந்து மீண்டும் தொடங்குகிறது. ரவுட்டரின் பட்டியலில் அதன் பெயர் ஒரு கணம் தோன்றி மறைகிறது. இரண்டாம் தட்டிலிருந்து ‘டிக், டிக்’ என்று சீரான ஓசை கேட்கிறது. நகரிலுள்ள ஒரு கடையில் முதலாம் தட்டைக் கழற்றி விண்டோஸ் கணினியில் இணைத்தபோது, தட்டை வடிவமைக்க வேண்டும் என்று கணினி கேட்டது, நான் சம்மதிக்கவில்லை. இதே மாதிரிப் பெட்டியொன்றை வாங்கித் தட்டுகளை மாற்றினால் போதுமா, அல்லது வேறு ஒழுங்கில் போக வேண்டுமா என்பதை அறிந்தவர்கள் கூறி உதவுங்கள்.

கல்முனை மின்னியல்:

வணக்கம் அண்ணன். தட்டுக்குப் போவதற்கு முன் அடப்டரைப் பாருங்கள். இடி மின்னலுக்குப் பிறகு என்னிடம் திருத்தத்துக்கு வரும் இத்தகைய பெட்டிகளில், தானாக அணைந்து தொடங்கும் குறை பெரும்பாலும் அடப்டரில்தான் இருக்கிறது. அதனுள்ளே இருக்கும் கொள்ளளவிகள் (கப்பாசிற்றர்கள்) உப்பிப் பழுதானால், சுமையில்லாதபோது மல்டிமீற்றர் சரியாக 12 வோல்ற்று காட்டும். தட்டுகள் சுழலத் தொடங்கியதும் மின்னழுத்தம் விழுந்துவிடும். 3.5 அங்குலத் தட்டொன்றின் மோட்டார் சுழலத் தொடங்கும் வேளையில் ஏறத்தாழ 2 அம்பியர் வரை இழுக்கும். இரண்டும் ஒன்றாகத் தொடங்கினால் நலிந்த அடப்டர் தாங்காது. போதிய மின்சாரம் கிடைக்காத தட்டும் நீங்கள் சொல்வது போலவே ஓசை எழுப்பும் என்பதால், அந்த ஓசையை மட்டும் வைத்துத் தட்டு போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம்.

பரிசோதிப்பது எளிது. மோட்டார் வாகனங்களின் சிக்னல் விளக்குக்குப் போடும் 12 வோல்ற்று, 21 வாற்று பல்புகள் இரண்டை அடப்டருக்குச் சமாந்தரமாகக் கொடுத்துவிட்டு மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். அவை இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ மூன்றரை அம்பியர் எடுக்கும். பதினொன்றரை வோல்ற்றுக்குக் கீழே போனால் அந்த அடப்டரைத் திரும்பவும் பெட்டியில் செருக வேண்டாம். புதிதாக வாங்கும்போது வோல்ற்று அளவும் முனையின் நேர், எதிர்த் திசையும் பழையதைப் போலவே இருக்க வேண்டும். அம்பியர் கூடுதலாக இருந்தால் பாதகமில்லை. உங்கள் வீடு கடலுக்கும் வாவிக்கும் இடையில் இருப்பதால் தட்டுகளைப் பூட்டும் சாட்டா இணைப்பு முனைகளில் உப்புக் காற்றின் கறுப்புப் படிந்திருக்கவும் கூடும். ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பின் பூட்டுங்கள். தட்டுகளைக் கழற்றும்போது எது முதலாம் அறையில் இருந்தது, எது இரண்டாம் அறையில் இருந்தது என்று எழுதி ஒட்டிவிடுவது அவசியம்.

ஏறாவூர் வாசகன்:

புதிய பெட்டியில் இரண்டு தட்டுகளையும் போட்டு, அதன் மெனுவில் உள்ள ‘திருத்து’ என்பதை அழுத்தினால் பெட்டியே சரிசெய்துகொள்ளும் என்பது என் எண்ணம். இன்னொன்று: மிகப் பழைய பெட்டிகள் வலையமைப்பில் கோப்புகளைப் பகிரும் எஸ்எம்பி 1 நெறிமுறையை மட்டுமே அறிந்தவை. விண்டோஸ் 10 இல் 2017 இறுதியில் வந்த பதிப்பிலிருந்து அது இயல்பாக நிறுவப்படுவதில்லை என்பதால், நல்ல நிலையில் உள்ள பெட்டியும் கணினியில் தெரியாமல் போவதுண்டு.

அக்கரைப்பற்று லினக்ஸ்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எஸ்எம்பி பற்றி ஏறாவூர்ச் சகோதரர் சொன்னது சரியான தகவல். ஆனால் தானாக அணைந்து தொடங்கும் பெட்டிக்கு அது பொருந்தாது. ‘திருத்து’ என்பதை அழுத்துவதை மட்டும் இப்போதைக்கு யாரும் செய்ய வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். காரணத்தைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

வீட்டுப் பாவனைக்கான இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றின் உள்ளே ஓடுவது லினக்ஸ். ரெயிட் அமைப்பை எம்டி என்னும் லினக்ஸ் பகுதி நடத்துகிறது. அதன் மேல் எக்ஸ்ட்4 அல்லது பிட்டிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமை இருக்கும். விண்டோஸுக்கு இவை தெரியாது என்பதால்தான் வடிவமைக்கச் சொல்லிக் கேட்டது. அந்த இடத்தில் நீங்கள் மறுத்தது மிக நல்லது. அந்தக் கேள்வியை வைத்துத் தட்டு பழுதென்று எண்ணத் தேவையில்லை.

எம்டி தன் ஒவ்வொரு தட்டிலும் ஒரு குறிப்பேட்டை வைத்திருக்கிறது. கடைசியாக எப்போது எழுதப்பட்டது, இதுவரை எத்தனை நிகழ்வுகள் பதிவாகின என்பவை அதில் இருக்கும். ஒரு தட்டு எப்போதாவது இணைப்பிலிருந்து விடுபட்டுவிட்டால், பெட்டி மற்றத் தட்டை மட்டும் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் வேலையைத் தொடரும். மின்னஞ்சல் எச்சரிக்கையை ஒழுங்குபடுத்தாத வீடுகளில் இது மாதக் கணக்கில் தெரியாமலே போவதுண்டு. அப்படி விடுபட்ட தட்டு ஓசையின்றி அழகாகச் சுழலும், ஆனால் அதில் இருப்பது பழைய நிலை. ஓசை எழுப்பும் தட்டில்தான் புதிய பதிவுகள் இருக்கும். இந்த நிலையில் ‘திருத்து’ என்று கொடுத்தால் பெட்டி நிகழ்வு எண் கூடிய தட்டை, அதாவது பழுதாகிக்கொண்டிருக்கும் தட்டை மூலமாக வைத்து, ஆரோக்கியமான தட்டின் மேல் எழுதத் தொடங்கும். பாதி வழியில் மூலத் தட்டு நின்றுவிட்டால் இரண்டும் கையை விட்டுப் போகும். உங்கள் பெட்டியில் இப்படி நடந்திருக்கிறதா என்பதை அந்தக் குறிப்பேட்டை வாசித்தால்தான் அறியலாம். எது நல்ல தட்டு என்பதைக் காதால் கேட்டு முடிவுசெய்ய முடியாது.

ஆகவே, இரண்டு தட்டுகளையும் ஒரே நேரத்தில் எதிலும் பூட்டாதீர்கள். 4 டெராபைட்டுக்குக் குறையாத புதிய தட்டொன்றை வாங்கி, உபுண்டுவை யூஎஸ்பி குச்சியிலிருந்து இயக்கி, முதலாம் தட்டு தன் உடல்நிலை பற்றிப் பதிந்து வைத்திருக்கும் ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்கள். 5, 197, 198 ஆகிய வரிகளில் மூல எண் சுழியமாக இருந்தால் மேற்பரப்பு நல்ல நிலையில் இருக்கிறது எனலாம். 199 மட்டும் ஏறியிருந்தால் குறை பெரும்பாலும் கேபிளிலோ இணைப்பு முனையிலோ இருக்கும். பிறகு ஜிஎன்யூ டிடிரெஸ்கியூ என்னும் பிரதியெடுக்கும் கருவியைக் கொண்டு முழுத் தட்டையும் புதியதற்குப் பிரதி எடுங்கள். எது மூலம், எது இலக்கு என்பதைத் தட்டின் தொடர் எண்ணைப் பார்த்து உறுதிசெய்த பின்பே கட்டளையைக் கொடுங்கள், ஏனென்றால் அவை மாறினால் வெற்றுத் தட்டுதான் மூலத்தின் மேல் எழுதப்படும். வரைபடக் கோப்பையும் கட்டாயம் குறிப்பிடுங்கள். அது இருந்தால் நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். யூஎஸ்பி 3 துவாரத்தில் ஓரிரவுக்குள் முடியக்கூடிய வேலை, யூஎஸ்பி 2 துவாரத்தில் ஒரு நாளைத் தாண்டிவிடும். மடிக்கணினிக்கு மின்கலம் இருந்தாலும் தட்டுக்கு இல்லை என்பதால் யூபிஎஸ் ஒன்றை இரவல் வாங்கியாவது வையுங்கள்.

பிரதி முடியும் வரை, எம்டி ரெயிட்டைக் கையாளும் எம்டிஆட்ம் கருவியை நிறுவ வேண்டாம். நிறுவினால் அது தட்டைத் தானாகவே இயக்க முயலக்கூடும். முடிந்ததும் மூலத் தட்டைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தக் கருவியை நிறுவிப் பிரதியின் குறிப்பேட்டை ஆராயுங்கள். பின்பு வாசிப்புக்கு மட்டும் என்ற விருப்பத்தோடு அதனை ரெயிட்டாக இயக்குங்கள். எக்ஸ்ட்4 ஆயின், வாசிப்புக்கு மட்டும் திறந்தாலும் முடிக்காத மாற்றங்களைக் குறித்து வைத்திருக்கும் தன் நாட்குறிப்பை அது தட்டில் எழுதிச் சரிசெய்ய முயலும். அதைத் தடுக்கும் ‘நோலோட்’ விருப்பத்தையும் சேர்க்க வேண்டும். கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் கருவியை மூலத் தட்டின் மேல் ஓட்டவே கூடாது.

வாவிக்கரை:

இருவருக்கும் மிக்க நன்றி. பல்புகளைக் கொடுத்ததும் அடப்டர் 9 வோல்ற்றுக்கும் கீழே விழுந்தது, புதியது வாங்கிவிட்டேன். முதலாம் தட்டில் நீங்கள் சொன்ன மூன்று வரிகளும் சுழியம். பிரதியும் பிழையின்றி முடிந்தது. ஆனால் நீங்கள் அஞ்சியதே நடந்திருக்கிறது. அதில் கடைசியாக எழுதப்பட்ட நாள் கடந்த ஆண்டு ஐப்பசி மாதத்தில் இருக்கிறது. அதற்கு முந்திய பதிவுகள் அனைத்தும் திறக்கின்றன. நான் மிகவும் அஞ்சியிருந்த பழைய அண்ணாவிமாரின் பாடல்கள் முழுமையாக இருக்கின்றன. இந்த வைகாசியில் எடுத்த கண்ணகி அம்மன் குளிர்த்திப் பாடலும், இரண்டு அரங்கேற்றங்களும் மட்டும் இல்லை. இரண்டாம் தட்டுக்குப் புதிய அடப்டரிலிருந்து மின்சாரம் கொடுத்தபோதும் அந்த ஓசை நிற்கவில்லை. கணினி அதன் கொள்ளளவையும் சரியாகக் காட்டவில்லை. அடுத்து என்ன செய்வது?

அக்கரைப்பற்று லினக்ஸ்:

அல்ஹம்துலில்லாஹ், பெரிய பங்கு கைக்கு வந்துவிட்டது. அந்தப் பிரதியிலிருந்து இன்னொரு பிரதி எடுத்து வேறொரு வீட்டில் வைத்துவிட்டு மேலே போவோம்.

நல்ல மின்சாரம் கொடுத்தும் ஓசை தொடர்ந்து, கொள்ளளவும் தவறாகத் தெரிந்தால், வாசிக்கும் தலைப் பகுதி பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். அந்த நிலையில் டிடிரெஸ்கியூவாலும் பயனில்லை. சுழலும் ஒவ்வொரு நிமிடமும் தலை தட்டின் மேற்பரப்பைச் சுரண்டக்கூடும். மின்சாரத்தைத் துண்டித்து, நிலைமின் தாக்காத உறையில் இட்டு வையுங்கள். குளிர்பெட்டியில் வைத்துப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். எங்கள் ஈரக் காற்றில் வெளியே எடுத்தவுடன் உள்ளே நீர் படியும், ஆகவே வேண்டாம். அதே மாதிரித் தட்டொன்றின் சுற்றுப் பலகையைக் கழற்றிப் போடுவதும் பலிக்காது, ஏனென்றால் அந்தத் தட்டுக்கே உரிய அளவீடுகள் பழைய பலகையின் நினைவகச் சில்லில் இருக்கின்றன. தூசியற்ற அறையில் தலையை மாற்றக்கூடிய ஆய்வுகூடம் ஒன்றே வழி. பரிசோதனைக் கட்டணத்தையும், தரவு கிடைக்காவிட்டால் என்ன அறவிடுவார்கள் என்பதையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

அதற்குப் பணம் செலவிடுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். தவறியவை இந்த ஆண்டின் பதிவுகள் மட்டுமே. அவற்றை எடுத்த கமராவின் நினைவக அட்டை இன்னும் இருக்கிறதா? அழித்திருந்தாலும், அதன் மேல் அதிகம் எழுதப்படாமல் இருந்தால் போட்டோரெக் கருவி வீடியோக்களை மீட்கும் சாத்தியம் உண்டு. அட்டையை உடனே கமராவிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள்; மீட்டவற்றை அதே அட்டையில் சேமிக்க வேண்டாம்.

கல்முனை மின்னியல்:

அரங்கேற்றத்தன்று கூத்துக் களரியைச் சுற்றி நின்று கைத்தொலைபேசியில் எடுத்தவர்களிடமும், ஒலிபெருக்கிக்காரரிடமும் கேளுங்கள் அண்ணன். ஒலிபெருக்கிக்காரர்கள் மிக்சரிலிருந்து நேரே யூஎஸ்பியில் ஒலியைப் பதிந்து வைப்பதுண்டு. பாட்டும் மத்தளமும் கமராவின் ஒலியைவிட அதில் தெளிவாக இருக்கும். கோப்புகளை வாட்ஸ்அப்பில் வாங்க வேண்டாம், வீடியோவைச் சுருக்கிவிடும். ஆளிடம் நேரே போய்க் கேபிளில் எடுத்துக்கொள்ளுங்கள்.