புதுப்பிப்பு: அல்டோ காரின் முன் சொக் அப்சோபர் (குலுக்கலை அடக்கும் பாகம்) மாற்றியாயிற்று

போன மாதம் கேட்டிருந்தேன்: என் அல்டோ பள்ளத்தில் இறங்கினால் இடது முன்பக்கம் டக் டக் என்று அடிக்கிறது, சொக்கில் எண்ணெய் கசிகிறது, வீட்டிலேயே மாற்றலாமா என்று. ஞாயிறு கொக்குவில் வீட்டு முற்றத்தில் நானும் மச்சானும் மாற்றிவிட்டோம். இரண்டு பக்கமும்தான், ஒன்று பழசு ஒன்று புதுசு என்றால் இரண்டு பக்கமும் ஒரேமாதிரி குலுக்கலை அடக்காது.

சொக்கைச் சுற்றியிருக்கும் ஸ்பிரிங்கை அமுக்கும் கருவி இல்லாமல் தொடவேண்டாம் என்று சொன்னவர்களுக்கு உண்மையாகவே நன்றி. அமுங்கி நிற்கும் ஸ்பிரிங்கைப் பக்கத்தில் பார்த்தபோதுதான் அதன் பலம் விளங்கியது. கருவியால் அமுக்கி, ஸ்பிரிங் அதன் இருக்கையில் தளர்ந்து ஆடத் தொடங்கிய பிறகே அதைப் பிடித்திருக்கும் மேல் நடு நட்டில் கை வைத்தோம். முற்றம் மணல், அதனால் ஜக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் தடித்த பலகை.

கீழ் போல்ட்டுகள் துருவில் இறுகிப்போயிருந்தன. நம் உப்புக்காற்று அப்படி. துரு இளக்கும் எண்ணெயை முதல்நாள் மாலையே அடித்து வைத்தது நல்லதாயிற்று. சொக்கின் மேல்முனையை வண்டி உடலோடு இணைக்கும் மேல் மவுண்ட் ரப்பரும் வெடித்திருந்தது, அதையும் மாற்றினோம். பழையதைத் திரும்பப் போட்டிருந்தால் சத்தம் போயிருக்காது.

திங்கள் வீல் அலைன்மென்ட் (சில்லுகளின் கோணம்) பார்த்தாயிற்று. நேற்று பருத்தித்துறை வீதியால் நெல்லியடி வரை போய்வந்தேன். அம்மா பின்சீட்டில் நல்ல நித்திரை.