கண்ணாடி மாற்றப் போய் பைக்கே புக் செய்துவிட்டேன்

மடிவாளாக்காரன்:
சனிக்கிழமை இங்கே பெங்களூருவில் பழைய வண்டிக்கு சைடு மிரர் மாற்றப் போனேன். பக்கத்திலேயே ஷோரூம், சும்மா உட்கார்ந்து பார்க்கலாமே என்று நுழைந்தவன் ராயல் என்ஃபீல்டு ஹண்டர் 350 பைக்குக்கு பத்தாயிரம் அட்வான்ஸ் கட்டிவிட்டுத்தான் வெளியே வந்தேன். டெஸ்ட் ரைடில் அந்த டுப்பு டுப்பு சத்தம் ஆளையே கவிழ்த்துவிட்டது. மனைவிக்கு இன்னும் தெரியாது, ரசீது ஹெல்மெட்டுக்குள் இருக்கிறது. கேன்சல் செய்யலாமா?

அல்சூர் அண்ணன்:
எதற்குத் தம்பி? 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. கோட்டேஷனை மட்டும் ஒரு வரிகூட விடாமல் படி. ஐந்து வருட தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் (நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் பாதிப்புக்கானது) கட்டாயம்தான், ஆனால் அதை ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. என் பில்லில் கேட்காமலேயே டெஃப்லான் கோட்டிங் (பெயிண்ட் மேல் பூசும் பூச்சு) ஏற்றியிருந்தார்கள், சண்டை போட்டு நீக்க வைத்தேன்.

கிளட்ச் கை:
சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் 180 கிலோவுக்கு மேல் உள்ள வண்டியை உருட்டிப் பாருங்கள், அப்புறம் பேசலாம். ஊருக்குக் கொண்டுபோய் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் தமிழ்நாட்டில் மறுபதிவு, திரும்பவும் வரி.

மடிவாளாக்காரன்:
மாட்டிக்கொண்டேன். ஹெல்மெட்டைத் துடைக்க எடுத்திருக்கிறாள். "என்ன கலர்?" என்று மட்டும் கேட்டாள்.