மேட்டு லயம் (கொட்டகலைத் தோட்டத்து வரிசை வீடுக) சொந்தங்க: அம்மாயியக் (பாட்டிய) கொழும்புக் கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போறது

2022 ஆகஸ்ட், செவ்வாய்க்கிழமை

மாலை 6.12

செல்வி: எல்லாரும் இருக்கீங்களா? தர்ஷி கல்யாணத்துக்கு அம்மாயியக் கூட்டிட்டுப் போறதப் பத்தி இன்னைக்கே பேசணும். கொரோனாவ நினச்சா எனக்குப் பயமா இருக்கு. அத மறைக்க விரும்பல.

ரவி: என்ன பயம்

செல்வி: கொழும்புல யாருமே மாஸ்க் போடுறதில்லயாம். ஜூன்லயே கட்டாயம் இல்லன்னு சொல்லிட்டாங்க. அம்மாயிக்கு 76 வயசு. சுகர், பிரஷர், வீசிங் மூணும் இருக்கு. ரெண்டு வருசமா கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துட்டு இப்ப 300 பேர் இருக்கிற ஏசி மண்டபத்துல கொண்டு போய் உக்கார வைக்கிறதான்னு ராத்திரி தூக்கமே வரல.

கமலா பெரியம்மா (கொழும்பு வெள்ளவத்தை): 250 பேர்தான்

பிரியா (கொழும்பு): செல்வி அக்கா சொல்றது சரி. காலைல 100ஆம் நம்பர் பஸ்ல கால் வைக்க இடமில்ல. பெட்ரோல் இல்லாம எல்லாரும் பஸ்லதான். மாஸ்க் போட்டவங்கள விரல் விட்டு எண்ணலாம்.

முத்து மாமா: அப்ப போகாம இருங்க. முடிஞ்சுது.

கமலா பெரியம்மா: அது எப்படி முத்து. மூத்த பேத்தி கல்யாணம். அம்மா கையால அட்சதை விழ வேணாமா?

முத்து மாமா: 2021ல என் மகன் கல்யாணத்துக்குக் கொழும்புல இருந்து ஒருத்தரும் வரல. அப்ப அட்சதைய யாரும் கேக்கல.

கமலா பெரியம்மா: மாகாணம் விட்டு மாகாணம் போகத் தடை இருந்துச்சு தம்பி. உனக்குத் தெரியாதா?

முத்து மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ஜீவா: அம்மாயி பக்கத்துலதான் இருக்கு. "சேலை எடுத்தாச்சு, நான் போறேன்"னு சொல்லச் சொல்லுது.

மாலை 6.40

சிவா மாமா (பி.எச்.ஐ., பொதுச் சுகாதாரப் பரிசோதகர்): இப்பதான் ஆபிஸ் விட்டு வந்தேன். எல்லாம் வாசிச்சேன். செல்வி, நீ பயப்படுறதுல தப்பே இல்ல. சட்டத்த எடுத்துட்டாங்கன்னா வைரசும் போயிடுச்சுன்னு அர்த்தமில்ல. ஆனா போறதா வேணாமான்னு மட்டும் கேட்டா சண்டைதான் வரும். மூடின காத்துல அம்மா எத்தன மணித்தியாலம் இருக்கப் போறாங்க, அத எப்படிக் குறைக்கலாம்னு பாப்போம். முதல்ல ஊசி. அம்மாவுக்கு ரெண்டு சினோபார்ம், மூணாவது பைசர். மூணாவது போட்டு ஆறு மாசம் தாண்டிடுச்சு. நாலாவது ஊசி எம்.ஓ.எச். (சுகாதார மருத்துவ அதிகாரி) ஆபிஸ்ல போடுறாங்க. போட்டு ரெண்டு வாரமாவது போனாத்தான் உடம்புல எதிர்ப்பு நல்லா ஏறும். கல்யாணத்துக்கு மூணு வாரம்தான் இருக்கு. அதனால இந்த வாரமே போடணும். கிளினிக் கொப்பி, பழைய ஊசிக் கார்டு ரெண்டையும் கொண்டு போங்க.

செல்வி: கார்டு முத்து மாமா வீட்டுலல்ல இருக்கு

முத்து மாமா: எங்க வீட்டுல இல்ல

முத்து மாமி: இருக்கு. சாமி படத்துக்குப் பின்னால.

ரவி: புதன்கிழம கூட்டிட்டுப் போறேன். டீசல்தான் யோசன.

சிவா மாமா: அடுத்தது மாஸ்க். நீல நிற சேர்ஜிகல் மாஸ்க் பத்தாது. கன்னத்துப் பக்கம் இடைவெளி இருக்கு, காத்து அந்த வழியாவே உள்ள போயிடும். எல்லாரும் மாஸ்க் போட்ட காலத்துல அது போதும். இப்ப நாம மட்டும் போடுறோம், அதனால முகத்தோட ஒட்டி நிக்கிற என்95 இல்ல கேஎன்95 வேணும். முன்னால வால்வு வச்சது வாங்காதீங்க. வாங்கினதும் அம்மாவுக்குப் போட்டுப் பாருங்க. மூக்குக் கம்பிய ரெண்டு கை விரலாலயும் அமத்தணும். ஒரு கையால கிள்ளினா நடுவுல கூராகி ரெண்டு பக்கமும் வாய் திறந்துக்கும். பொறவு பலமா மூச்சு விடச் சொல்லுங்க. கண்ணுப் பக்கம் காத்து அடிச்சாலோ, மூக்குக் கண்ணாடியில ஆவி படிஞ்சாலோ சரியாப் பொருந்தல. ரவி, தாடிய எடு. தாடிக்கு மேல எந்த மாஸ்க்கும் ஒட்டாது.

ரவி: தாடியா

பிரியா: எடுத்தா பொண்ணு பாக்கிறவங்களுக்கும் முகம் தெரியும் அண்ணா

ஜீவா: அம்மாயி சிரிக்குது

செல்வி: மாமா, வீசிங் இருக்கிறவங்க என்95 போட்டா மூச்சு முட்டாதா?

சிவா மாமா: நல்ல கேள்வி. நாளைக்கே வீட்டுல பழக்குங்க. உக்காந்தபடி அரை மணித்தியாலம், அடுத்த நாள் தண்ணி பிடிக்கிற பீலி வரைக்கும் நடந்து. கஷ்டமா இருந்தா வெளிய கூட்டிட்டு வந்து கழட்டிடணும், வற்புறுத்தக் கூடாது. நாளுமே இழுக்கிற பம்ப அம்மா நல்லா இருக்கிற நாள்ல விட்டுடுறாங்க. அத ஒரு நாளும் விடக் கூடாது. மூச்சு முட்டினா இழுக்கிற நீலப் பம்ப் எப்பவும் கைப்பையில இருக்கணும், சூட்கேஸ்ல வைக்காதீங்க. மாஸ்க்கக் கழுவக் கூடாது, ஸ்பிரிட் அடிக்கவும் கூடாது. தூசியையும் கிருமியையும் இழுத்துப் பிடிக்கிற மின்னேற்றம் அந்தத் துணியில இருக்கு, ஸ்பிரிட் பட்டா அது போயிடும். பாத்தா புதுசு மாதிரி இருக்கும், வேல செய்யாது. கடுதாசிப் பையில போட்டு நாலஞ்சு நாள் காய விட்டுத் திரும்பப் போடலாம். நனஞ்சா, கசங்கினா வீசிடணும்.

கமலா பெரியம்மா: எல்லாம் சரி சிவா. போட்டோவுலயும் அம்மா மாஸ்க்கோடயா நிக்கணும்?

சிவா மாமா: போட்டோவ வெளிய எடுங்க அக்கா. வாசல்ல, காத்தோட்டத்துல. அங்க கழட்டலாம்.

முத்து மாமி: கமலா மச்சி, அந்த நாலடுக்குக் கேரியர் உங்க வீட்டுலயா? பங்குனித் திருவிழாவுல இருந்து தேடுறேன்.

கமலா பெரியம்மா: பாக்குறேன்

இரவு 7.25

ரவி: வேனா ரயிலா

பிரியா: ரயில்ல முதலாம் வகுப்பு ஏசி பெட்டி இருக்கு. அம்மாயிக்கு சொகுசா இருக்கும்.

சிவா மாமா: ஏசி பெட்டிதான் வேணாம். கண்ணாடி திறக்க ஏலாது, அஞ்சு மணித்தியாலத்துக்கு மேல அதே காத்து. ரெண்டாம் வகுப்போ மூணாம் வகுப்போ ஜன்னல் ஓரமா ரிசர்வ் பண்ணினா காத்து நல்லா ஓடும். ஆனா கொழும்புக் கோட்டை ஸ்டேஷன்ல எறங்கி வெள்ளவத்தைக்குப் போற கூட்டத்த நினச்சுப் பாருங்க. அம்மாவுக்கு வேன்தான் நல்லது, அதுவும் நம்ம ஆளுக மட்டும். ஏசி போடாம, முன்னால இடது கண்ணாடியும் பின்னால வலது கண்ணாடியும் நாலு விரல் திறந்து வைங்க. அப்ப காத்து குறுக்க ஓடும். கினிகத்தேனை பக்கம் மழை வந்தா எல்லாத்தையும் மூடத்தான் தோணும். அப்பவும் ஒரு விரலாவது திறந்திருக்கணும். ஏசி போட்டே ஆகணும்னா, உள்காத்தையே சுத்த விடுற பட்டன அமத்தாம வெளிக்காத்து வர்ற மாதிரி வை. மூடின காம்பராவுல (அறையில) அடுப்புப் புகை எப்படி நிறையுதோ அப்படித்தான் மூச்சும் நிறையும்.

ரவி: போக வர 260 கிலோமீட்டர் மாமா. 10க்கு ஒரு லீட்டர்னா 26 லீட்டர். எரிபொருள் கியூஆர் கோட்டாவுல வாரத்துக்கு 20தான்.

சிவா மாமா: முந்தின வாரக் கோட்டாவ அடிச்சு டாங்க்ல வச்சிடு. அந்த வாரம் வேற ஹயர் (வாடகை ஓட்டம்) போகாத.

ரவி: ஹயர் போகாட்டி சாப்பாடு?

முத்து மாமா: எல்லாரும் போட்டுக் குடுக்கலாம். நானும் தாரேன்.

செல்வி: முத்து மாமா நீங்களும் வாரீங்களா!

முத்து மாமா: அம்மாவுக்காக. டீசல் கணக்கச் சொல்லுங்க.

முத்து மாமி: சனிக்கிழமயும் வேலைக்குப் போகாட்டி எனக்குப் பேர் விழாது (அன்னைக்குச் சம்பளம் இல்ல). யோசிச்சுச் சொல்றேன்.

செல்வி: கித்துல்கல வளைவுல அம்மாயிக்கு வாந்தி வருமே. மாஸ்க் போட்டுக்கிட்டு?

சிவா மாமா: அதச் சொல்ல விட்டுட்டேன். குமட்டுதுன்னு சொன்ன உடனே மாஸ்க்கக் கழட்டி, வேன நிறுத்தி எறக்கணும். அந்த மாஸ்க் திரும்ப உதவாது. அம்மாவுக்கு மட்டும் மூணு எடுத்துட்டு வா. முன் சீட்டுல உக்கார வைங்க. வாந்திக் குளுசைய (மாத்திரைய) உங்க எண்ணத்துக்குக் குடுக்காதீங்க. வயசானவங்களுக்கு அது தூக்கக் கலக்கத்தக் குடுத்து விழ வைக்கும். கிளினிக் டொக்டர்கிட்டக் கேளுங்க.

முன்னனுப்பியது – முத்து மாமா: புதிய வகை வைரஸ்!!! சுடுதண்ணியில உப்பு போட்டுக் கொப்பளித்தால் 5 நிமிடத்தில் அழியும். 20 பேருக்கு அனுப்பவும்.

சிவா மாமா: அண்ணே இதுல உண்ம இல்ல, பரப்பாதீங்க. 2020 டிசம்பர்ல கேகாலையில கொரோனா மருந்துன்னு சொன்ன பாணிக்குச் சனம் வரிசையில நின்னதும் இப்படித்தான். கொத்தமல்லி குடிச்சா தொண்டைக்கு இதம். கிருமி நுரையீரலுக்குப் போறத அது தடுக்காது.

முத்து மாமா: வந்தத அனுப்பினேன்

இரவு 8.05

சிவா மாமா: இப்ப மண்டபத்தப் பத்திச் சொல்றேன். கமலா அக்கா, பின்பக்கக் கதவு திறக்குமா? ஸ்பிளிட் ஏசி வெளிக்காத்த உள்ள கொண்டு வராது, உள்ள இருக்கிறதையே குளிராக்கித் திரும்ப விடும். கதவு ரெண்டு திறந்திருந்தா பாதிப் பிரச்சின தீரும்.

கமலா பெரியம்மா: மண்டபத்துக்காரன் கரண்ட் பில்லுன்னு சத்தம் போடுவான். தர்ஷி மேக்கப்பும் கரையும்.

சிவா மாமா: முழுக்க வேணாம், அம்மா உக்கார்ற பக்கம் மட்டும். இன்னொண்ணு, ஹோமப் புகை. மூடின மண்டபத்துல அது வீசிங்க கிளப்பி விட்டுடும். அதனால மணவறைக்குப் பக்கத்துல முழு நேரமும் உக்கார வைக்காதீங்க. தாலி கட்டுறதுக்குக் கால் மணித்தியாலம் முன்ன வேன்ல இருந்து எறக்கி உள்ள கூட்டிட்டுப் போங்க. அட்சதை போட்டு ஆசீர்வாதம் பண்ணினதும் வெளிய வந்துடணும். பந்தியில உக்காரக் கூடாது. எல்லாரும் வாய் திறந்து சாப்பிட்டுப் பேசுற இடம் அதுதான், அங்க மாஸ்க்கும் கழட்டித்தான் ஆகணும். அதே நேரம் சுகர் குளுசை போட்டவங்க சாப்பாட்டத் தள்ளிப் போடவும் கூடாது. 12 மணிக்குள்ள ஒரு இலைச் சாப்பாட்டப் பார்சலா எடுத்து, வேன் கதவத் திறந்து வச்சுக் குடுங்க.

கமலா பெரியம்மா: எங்க அம்மா வேன்ல பார்சல் சாப்பிடுறதா? சம்பந்தி வீட்டுக்காரங்க என்ன நினப்பாங்க?

செல்வி: பெரியம்மா, உங்க பிளாட்ல சாப்பிட வைக்கலாமா? அம்மாயியும் நானும் மட்டும்.

கமலா பெரியம்மா: அது பரவால்ல. ஆனா அன்னைக்கு வீட்டுல 15 பேர் தங்குறாங்க.

சிவா மாமா: பால்கனில கதிர (நாற்காலி) போடுங்க அக்கா.

கமலா பெரியம்மா: பால்கனில கேஸ் சிலிண்டரும் விறகும் கிடக்கு. பாக்கலாம்.

பிரியா: நான் டெஸ்ட் கிட் வாங்கி அனுப்பவா? எத்தன?

சிவா மாமா: வேன்ல வர்றவங்களுக்குக் காலைல ஆளுக்கு ஒண்ணு, வந்த பிறகு அம்மாவுக்கு ரெண்டு. இஸ்தோப்புல (வீட்டு முன் திண்ணையில) குளிர்ல வைக்காதீங்க. செய்யிறப்ப கிட் 15 டிகிரிக்கு மேல இருக்கணும், இல்லாட்டி முடிவு பிழைக்கும். ரெண்டு மூக்குத் துவாரத்துலயும் சுத்திச் சுத்தி எடுங்க. எத்தன நிமிசத்துல பாக்கணும்னு பெட்டித் தாள்ல இருக்கும், பெரும்பாலும் 15. அரை மணித்தியாலம் கழிச்சு வர்ற கோட்ட நம்பாதீங்க. சொன்ன நேரத்துக்குள்ள மங்கலா ஒரு கோடு வந்தாலும் அது பாசிட்டிவ்தான், அந்த ஆள் வேன்ல ஏறக் கூடாது. நெகட்டிவ் வந்தா அன்னைக்கு மட்டும்தான் செல்லும். சளி, காய்ச்சல் இருந்தா நெகட்டிவ்னாலும் வீட்டுல நில்லுங்க.

ரவி: ட்ரைவர்க்கே பாசிட்டிவ் வந்தா

சிவா மாமா: இன்னொரு ட்ரைவரச் சொல்லி வை.

முத்து மாமா: எனக்கு லைசன்ஸ் இருக்கு

முத்து மாமி: வேணாம்

இரவு 8.50

செல்வி: மாமா எனக்கு அதிகப் பயம் திரும்பி வந்த பிறகுதான். ஒரே காம்பராவுல அஞ்சு பேர். அம்மாயிக்கு ஏதும்னா ராத்திரில என்ன செய்யிறது?

சிவா மாமா: அதையும் இப்பவே ஒழுங்கு பண்ணுவோம். இப்ப இருக்கிற வகைக்கு அநேகமா மூணு நாளைக்குள்ள தெரிஞ்சிடும், சில பேருக்கு இன்னும் சில நாள் ஆகும். வந்ததுல இருந்து அஞ்சாறு நாளைக்கு அம்மா தொங்கக் காம்பராவுல (கடைசி அறையில) படுக்கட்டும், ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்கட்டும், கம்பளி ரெண்டு போடுங்க. சாப்பாடு குடுக்கிறவங்க மாஸ்க் போடணும். மூணாம் நாளும் அஞ்சாம் நாளும் டெஸ்ட்.

ரத்தத்துல ஒக்சிஜன் எத்தன சதவீதம்னு விரல்ல மாட்டிப் பாக்கிற ஒக்சிமீட்டர் என்கிட்ட இருக்கு, ரவிகிட்டக் குடுத்து விடுறேன். இன்னைக்கே அளந்து எழுதி வைக்க ஆரம்பிங்க, அப்பத்தான் அம்மாவோட வழக்கமான அளவு தெரியும். கொட்டகலை 1200 மீட்டருக்கு மேல. இங்க 95, 96 காட்டுறவங்களுக்குக் கொழும்புல ஒண்ணு ரெண்டு கூடும், ஏறி வந்தா குறையும். அதப் பாத்துப் பதற வேணாம். விரல் சில்லுன்னு இருந்தா பிழையாக் காட்டும். கையத் தேச்சுச் சூடாக்கி, அஞ்சு நிமிசம் சும்மா உக்காந்து, எண் அசையாம நின்ன பிறகு பாக்கணும். நெய்ல் பொலிஷ் இருக்கக் கூடாது. 93, 94க்கு வந்து அப்படியே நின்னா எனக்குக் கோல் பண்ணுங்க. 92 இல்ல அதுக்குக் கீழ, இல்ல பேச முடியாம மூச்சு வாங்கினா, எண்ணப் பாத்துட்டு இருக்காம உடனே 1990. சுவசெரிய ஆம்புலன்ஸ், காசு இல்ல. லயத்து ரோட்டுல அது ஏறாது, கோயிலடியில நிக்கச் சொல்லுங்க. அங்க வரைக்கும் அம்மாவ நடக்க விடாம கதிரையில வச்சுத் தூக்கணும்.

செல்வி: கை பிடி உடையாத கதிர ஒண்ணு வேணும் அப்ப

முத்து மாமா: எங்க வீட்டு மரக் கதிர இருக்கு. கொண்டு வந்து வச்சிடுறேன்.

ஜீவா: அம்மாயி கேக்குது, அந்தப் பொலிஷ் கல்யாணத்துக்கு மட்டும் போடலாமான்னு

சிவா மாமா: போடச் சொல்லு. ஒரு விரல மட்டும் விட்டுடச் சொல்லு.

கமலா பெரியம்மா: சரி, நான் மண்டபத்துக்காரன்கிட்டக் கதவப் பத்திக் கேக்குறேன். வாக்குக் குடுக்க மாட்டேன். செல்வி, அம்மா மாஸ்க்கோட வந்தாலும் வரட்டும். யாரும் ஏதும் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்.

செல்வி: சரி பெரியம்மா. அந்த ஒரு வார்த்த போதும்.

முத்து மாமி: கேரியர்?

கமலா பெரியம்மா: கிடச்சுது. மூடி இல்ல.

ரவி: அப்ப புதன் ஊசி. வேன்ல யார் யார் வாரீங்கன்னு பேர் போடுங்க. அஞ்சு பேருக்கு மேல ஏத்த மாட்டேன்.

பிரியா: நான் இங்க இருந்தே போயிடுவேன்

முத்து மாமா: நான் 1

ஜீவா: நான்

சிவா மாமா: ஜீவா, ஸ்கூல் சோதன (பரீட்ச) இருக்குல்ல உனக்கு?

ஜீவா: திங்கள்தான் மாமா

செல்வி: அம்மாயி, நான், ரவி, முத்து மாமா. அஞ்சாவது ஆள நாளைக்குப் பேசுவோம்.