மூவர்ணக் கொடி அஞ்சல்தலையில் காவி நிறம் இல்லை: இது அச்சுப் பிழையா?

கோத்தகிரி வாசகர்:
அனைவருக்கும் வணக்கம். என் தாத்தா சேர்த்து வைத்த அஞ்சல்தலைகளில், 1947 நவம்பர் 21 அன்று வெளியான மூன்றரை அணாக் கொடித் தலை ஒன்று இருக்கிறது. அதில் பச்சையும் நீலமும் தெளிவாக இருக்க, காவிப் பட்டை மட்டும் வெண்மையாகத் தெரிகிறது. அவர் அதைக் கண்ணாடிச் சட்டமிட்டுச் சன்னலுக்கு எதிரே மாட்டியிருந்தார். மற்றொரு தலைக்கு வலப்பக்கத்தில் மட்டும், கிழித்தெடுப்பதற்காக விளிம்பில் இடப்படும் துளைகள் இல்லை. உதகையில் ஒருவர் இரண்டையும் அரிய பிழைகள் என்று சொல்லி விலை பேசினார். தாத்தா பேணிய பொருளின் உண்மையை அறிந்துகொள்ள விரும்புகிறேன்.

குன்னூர் சேகரிப்பாளர்:
அச்சகத்தில் நேர்ந்தது மட்டுமே பிழை. வெளியே வந்த பிறகு நேர்ந்தது சேதம். 1854-இல் கல்கத்தாவில் அச்சான நான்கணாத் தலையில் சிவப்புச் சட்டமும் விக்டோரியா அரசியின் நீலத் தலையுருவும் தனித்தனியே அச்சிடப்பட்டன. ஒவ்வொரு தாளும் இரண்டு முறை அச்சேற வேண்டியிருந்ததால், இரண்டாம் முறை தாளைத் திருப்பி வைத்தபோது தலையுரு தலைகீழாகிவிட்டது. அமெரிக்காவின் 24 சென்ட் விமானத் தலையும் 1918-இல் அவ்வாறே பிழைபட்டது. 100 தலைகள் கொண்ட ஒரே ஒரு தாள்தான் மக்கள் கைக்கு வந்தது.

கொடித் தலையும் பல வண்ணங்களில் அச்சானது என்பதால் ஒரு வண்ணம் விடுபட வாய்ப்பு உண்டு. ஆனால் விடுபட்ட வண்ணம் என்றால் அதன் சுவடுகூட இருக்கக் கூடாது. தாங்கள் சன்னலைக் குறிப்பிட்டதால் எனக்கு வெயில் மீதுதான் ஐயம். தலைமேல் அஞ்சலகம் குத்திய முத்திரை இருந்தால், அதன் மை படிந்த கோடுகளின் ஓரத்தை உருப்பெருக்கியால் பாருங்கள். மை மறைத்த இடத்தில் நிறம் தங்கியிருக்கலாம்.

கொடைக்கானல் ஆசிரியர்:
துளை குறித்து ஒன்று சொல்கிறேன். ஒற்றைத் தலையை வைத்து எதையும் உறுதி செய்ய இயலாது, ஏனெனில் துளைகளைக் கத்தரித்துவிடுவது மிக எளிது. நடுவே துளையிடப்படாமல் ஒட்டியே இருக்கும் ஜோடிதான் நம்பத்தக்க சான்று. சிறு புத்தகமாக விற்கப்படும் தலைகளுக்கு இயல்பாகவே நேரான விளிம்பு அமைவதும் உண்டு. அதே வகையைச் சேர்ந்த சாதாரணத் தலையொன்றோடு அகலத்தை ஒப்பிடுங்கள். தங்களுடையது குறுகியிருந்தால் அது வெட்டப்பட்டதே. நம் மலைகளின் ஈரத்தில் பசை இளகிவிடும் என்பதால், தயவுசெய்து எதையும் நீரில் நனைக்கவோ லேமினேட் செய்யவோ வேண்டாம்.

கோத்தகிரி வாசகர்:
இன்று காலை பார்த்தேன். முத்திரை வட்டத்தின் ஓரமாக மெல்லிய காவிக் கோடு தெரிகிறது. மற்றத் தலை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் குறுகியிருக்கிறது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கொடித் தலையைச் சட்டத்திலிருந்து எடுத்து, வெளிச்சம் படாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்துவிட்டேன். அதை விற்கப் போவதில்லை.