ஐ.சி.யூ. டாக்டர்கள் சங்கம் சொன்னால் அது சட்டமா? (நைட் டூட்டி, மூன்று வென்டிலேட்டர், ஒரு நர்ஸ்)

பொதிகைச்சாரல் கேட்டது:

வணக்கம். பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐ.சி.யூ.வில் ஆறு வருஷமாக ஸ்டாஃப் நர்ஸ். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். ஆஸ்பத்திரி பேரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

போன மாதம் ஒரு நைட் டூட்டி. எட்டு படுக்கையில் ஏழு நிறைந்திருந்தது. என் பொறுப்பில் மூன்று பேர், மூன்று பேருமே வென்டிலேட்டரில். ராத்திரி மூன்றே கால் இருக்கும். மூன்றாம் படுக்கையில் சளி அடைத்து சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) இறங்குகிறதே என்று சக்ஷன் குழாயால் சளியை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். பின்னால் ஐந்தாம் படுக்கையில் அலாரம். திரும்பிப் பார்த்தால் அந்த அண்ணாச்சி தொண்டைக் குழாயைத் தானே உருவிக் கையில் பிடித்துக்கொண்டு என்னையே பார்க்கிறார். கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். டூட்டி டாக்டர் வந்து மறுபடி குழாய் போட்டார். ஆள் பிழைத்துக்கொண்டார். காலையில் பஸ் ஏறும்போதுதான் எனக்குக் கால் நடுங்கியது.

மறுநாள் என்னிடம் விளக்கக் கடிதம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். கூடவே ஒரு பிரிண்ட்டும் வைத்தேன். இந்தியத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம், அதாவது ஐ.எஸ்.சி.சி.எம்., ஐ.சி.யூ. எப்படி அமைய வேண்டும் என்று போட்டிருக்கும் வழிகாட்டுதல் அது. வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஆளுக்கொரு நர்ஸ் என்று அதில் இருக்கிறது. மேனேஜர் பார்த்துவிட்டு, "இது என்னம்மா, கவர்மென்ட் ஆர்டரா? டாக்டர்கள் சங்கம்தானே" என்று திருப்பித் தந்துவிட்டார்.

எங்கள் ஐ.சி.யூ. டாக்டரின் பெயர்ப் பலகையிலும் இந்தச் சங்கத்தின் பேர் இருக்கிறது. வருஷா வருஷம் மாநாட்டுக்குப் போய் ஒரு பையோடு திரும்பி வருவார். (போன வருஷப் பை இப்போது என் சாப்பாட்டுப் பை.) நிஜமாகவே கேட்கிறேன், இந்தச் சங்கம் எதற்கு? புகார் எழுதினால் கேட்பார்களா? அவர்கள் நடத்தும் நர்சிங் டிப்ளமாவில் சேர்ந்தால் எனக்குப் பிரயோஜனம் உண்டா?

வண்ணாரப்பேட்டை டாக்டர்:

சிஸ்டர், மூன்று வென்டிலேட்டரை ஒரே ஆளிடம் கொடுத்துவிட்டு விளக்கமும் கேட்பது அநியாயம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மேனேஜர் சொன்னதில் பாதி நிஜம். அது சட்டம் இல்லை. 1993-ல் தொடங்கிய சங்கம், டாக்டர்கள் தாங்களாகச் சேர்ந்து நடத்துவது. ஒரு டாக்டரின் பதிவை ரத்து செய்யவோ ஆஸ்பத்திரியைப் பூட்டவோ அதற்கு அதிகாரம் கிடையாது. டாக்டர் மேல் புகார் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குப் போக வேண்டும். ஆஸ்பத்திரியின் வசதி, ஆள்பலம் பற்றி என்றால் மாவட்டத்தில் சுகாதாரப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகம், நம் ஆட்கள் சொல்கிற ஜே.டி. ஆபீஸ். சங்கத்துக்கு எழுதினால் அனுதாபமாக ஒரு பதில் வரலாம், அவ்வளவுதான்.

மீதிப் பாதியை அவர் யோசிக்கவில்லை. நாளைக்கே அந்த ஐந்தாம் படுக்கைக்காரரின் வீட்டார் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போயிருந்தால்? இந்தத் துறையில் ஒழுங்கான கவனிப்பு என்றால் என்ன என்று அங்கே கேள்வி வரும். வக்கீல் எதை எடுத்து நீட்டுவார்? நீங்கள் கொடுத்த அதே பிரிண்ட்டைத்தான். கடிதத்தின் நகலைத் தேதியோடு வைத்திருக்கிறீர்களா?

பை விஷயத்தில் உங்களோடு நானும் சிரிக்கிறேன், என் வீட்டில் நான்கு கிடக்கின்றன. ஆனால் நான் படித்த காலத்தில் ஐ.சி.யூ.வுக்கென்று தனிப் படிப்பு கைக்கு எட்டாது. மயக்க மருந்து டாக்டரோ பொது மருத்துவரோ தன் வேலைக்கு நடுவே எட்டிப் பார்ப்பார். அந்த நிலைமையில் டிப்ளமா, வென்டிலேட்டர் வகுப்பு, மாத இதழ் எல்லாம் தொடங்கியவர்கள் இவர்கள். 2014-ல் வெப்பமண்டலக் காய்ச்சலுக்கு ஒரு வழிகாட்டுதல் போட்டார்கள். டெங்கு, மலேரியா, எலிக்காய்ச்சல், பூச்சிக் கடியால் வரும் ஸ்க்ரப் டைஃபஸ் எல்லாம் முதல் நாளில் ஒரே முகத்தோடுதான் வந்து நிற்கும். ரிப்போர்ட் வரட்டும் என்று உட்கார்ந்திருக்காமல் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கையும் சேர்த்துத் தொடங்கச் சொல்கிறது அது. வெளிநாட்டுப் புத்தகத்தில் நம் மலையடிவாரக் காய்ச்சலுக்கு ஒரு ஓரத்தில்தான் இடம்.

களக்காட்டு வாழை:

நான் டாக்டர் இல்லை, வாழைக்காய் வியாபாரம். ஆனால் இந்தச் சங்கத்தின் பேர் எனக்குத் தெரியும். தெரிந்த விதம்தான் வேறு.

2019-ல் எங்கள் அப்பாவுக்கு ஸ்ட்ரோக். பதினெட்டு நாள் வென்டிலேட்டர். இனி நினைவு திரும்பாது என்று டாக்டரே சொல்லிவிட்டார். அப்படியானால் எடுத்துவிடுங்கள் என்றோம். "நாங்கள் எடுத்தால் கேஸ் ஆகிவிடும், நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு போங்கள்" என்றார்கள். ஆம்புலன்ஸில் ஒரு பையன் ஆம்பு பேக்கை அமுக்கிக்கொண்டே வந்தான். நாங்குநேரி தாண்டும்போது அவனுக்குக் கை ஓய்ந்து நான் வாங்கி அமுக்கினேன். வீட்டில் பட்டாசாலையில் கிடத்தினோம். எப்போது நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. நான்தான் நிறுத்தினேன்.

பிறகு தேடிப் படித்தேன். தேறவே மாட்டார் என்கிறவருக்கு உயிர்காக்கும் கருவியை விலக்கலாம் என்று 2018 மார்ச்சிலேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் மாஜிஸ்திரேட் நேரில் வந்து பார்க்க வேண்டும், முடிவு சொல்லும் மருத்துவக் குழுவில் 20 வருஷ அனுபவம் உள்ள டாக்டர்கள் வேண்டும் என்று ஏகப்பட்ட முடிச்சு. நடக்கிற காரியமா? இதை எளிதாக்கிக் கொடுங்கள் என்று கோர்ட்டுக்குப் போனது சிஸ்டர் சொல்கிற இதே சங்கம்தான். 2023 ஜனவரி 24-ல் ஐந்து நீதிபதிகள் தளர்த்திக் கொடுத்தார்கள். ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கும் மருத்துவ உயிலுக்கு நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ சான்று கொடுத்தால் போதும். டாக்டருக்கு 5 வருஷ அனுபவம் போதும். குழு கூடியமட்டும் 48 மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும். மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் கொடுத்தால் போதும்.

நாலு வருஷம் முந்தி வந்திருந்தால் எங்கள் அப்பா அந்த ரோட்டில் குலுங்கியிருக்க மாட்டார். உங்கள் மேனேஜருக்கு இதையும் ஒரு பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள்.

நாகர்கோவில் சிஸ்டர்:

டிப்ளமா பற்றி மட்டும் சொல்கிறேன், நான் முடித்தவள். ஐ.டி.சி.சி.என்., அதாவது சங்கத்தின் தீவிர சிகிச்சை நர்சிங் டிப்ளமா, ஒரு வருஷம். சங்கம் அங்கீகரித்த ஆஸ்பத்திரியில்தான் படிக்க முடியும். வென்டிலேட்டர் கிராஃபையும் ஏ.பி.ஜி. என்கிற ரத்த வாயுப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் பார்த்தால் வயிற்றைக் கலக்குமே, அது போய்விடும். டாக்டர் ரவுண்ட்ஸில் வாயைத் திறந்து பேச வரும். ஆனால் இது சங்கம் கொடுக்கும் சான்றிதழ், இந்திய நர்சிங் கவுன்சில் கொடுப்பது இல்லை. கவுன்சில் படிப்புதான் வேண்டும் என்றால் அவர்களின் போஸ்ட் பேசிக் டிப்ளமா இருக்கிறது. பி.எஸ்ஸி. முடித்திருந்தால் இரண்டு வருஷ நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பும் இருக்கிறது.

இன்னொன்று தங்கச்சி. ஃபீஸ் நாங்களே கட்டுகிறோம் என்று ஆஸ்பத்திரி சொன்னால் இத்தனை காலம் இங்கேயே வேலை பார்ப்பேன் என்று எழுதி வாங்கும் பாண்டை வரி விடாமல் படி. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை மட்டும் கொடுத்துவிடாதே. என்னுடையதை மீட்க நான் பட்ட பாடு தனிக்கதை.

பொதிகைச்சாரல்:

டாக்டர் சார், நகல் இருக்கிறது, தேதியும் போட்டிருக்கிறேன். அக்கா, பாண்டு விஷயம் நல்லவேளை சொன்னீர்கள்.

களக்காட்டு அண்ணாச்சி, உங்கள் பதிலைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அப்படி ஆம்பு பேக்கைக் கையில் கொடுத்து வாசல்வரை வந்து அனுப்புகிற வேலையை நானும் செய்திருக்கிறேன்.

டாக்டர் சார் காய்ச்சலைச் சொன்னதும் ஒன்று ஞாபகம் வந்தது. கடையம் பக்கத்து விவசாயி ஒருவர், ஆறு நாள் காய்ச்சல், மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். டெங்கு இல்லை. விடிகாலையில் உடம்பு துடைத்துவிடும்போது அரைஞாண் கயிற்றை நகர்த்தினால், அதற்கடியில் பீடி சுட்ட மாதிரி கறுப்பாக ஒரு பொருக்கு. வலியே இல்லை என்றார், அது இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. ஸ்க்ரப் டைஃபஸ் பூச்சிக் கடி. அவசரமாக டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினால், "டாக்ஸி நேற்றே போட்டாச்சு சிஸ்டர், சுவரில் ஒட்டியிருக்கிற பேப்பர்படிதான்" என்றார். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. அந்தப் பேப்பருக்கு அடியில் பொடி எழுத்தில் யார் பேர் இருக்கிறது என்று நேற்றுதான் போய்ப் பார்த்தேன்.

ஜே.டி. ஆபீஸுக்கு எழுதட்டுமா என்று வீட்டில் கேட்டால் வேலை போய்விடும் என்று பயப்படுகிறார்கள். சரி, முதலில் நைட் டூட்டி ஆட்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டு மேனேஜ்மென்ட்டுக்கே இன்னொரு கடிதம். இன்சார்ஜ் அக்கா போட்டுவிட்டார், இன்னும் நான்கு பேர் பாக்கி. இன்றைக்கு எனக்கு நைட். போர்டில் பார்த்தேன், இரண்டு வென்டிலேட்டர்.